சொல்லின் நடுவே ஒரு மூச்சு

கத்தரி என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. காந்த நாடாவை வெட்டி ஒட்டியே முப்பத்தெட்டு ஆண்டுகள் பிழைத்தவராதலின், இசைத்தட்டு நிறுவனத்தார் அப்பெயரைச் சூட்டினர். ஓய்வு பெற்று ஆறாண்டுகள் ஆகியும் அஃது அவரை விட்டபாடில்லை. பாடகரின் தொண்டை கரகரத்த இடத்தை வெட்டியெறிந்துவிட்டு, அதே இடத்தை அவர் வேறொரு முறை நன்றாகப் பாடியிருந்தால் அத்துண்டை அங்கே பொருத்துவது அவர் தொழில். ஒட்டிய இடம் எவர் காதிலும் படக் கூடாது. பட்டால், அது கத்தரி ஒட்டியதன்று என்பார்கள்.

அத்தொழில் அவருக்குப் பாம்புச் செவியைத் தந்தது. கூடவே எதையும் நம்பாத மனத்தையும் தந்தது. ஊரார் "ஆகா, ஒரே மூச்சில் பாடிவிட்டாரே!" என்று உருகும் இடத்தில் பதினான்கு ஒட்டுகள் இருப்பதை அறிந்தவர் வேறு எதனைத்தான் நம்புவார்? காய்கறிக்கடையில் எடை போடும்பொழுது அவர் தராசைப் பார்க்க மாட்டார். கடைக்காரரின் விரலைப் பார்ப்பார்.

அவரைத்தான் திங்கட்கிழமை காலையில் நாடக அரங்கின் நிர்வாகி அழைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நடந்த கூத்து உங்க காதுக்கு வந்திருக்குமே, ஐயா?"

"காதுக்கு வர்றதாவது? வீட்டுக்கே வந்து சோபாவுல உக்காந்திருக்கு" என்றார் கத்தரி.

நிர்வாகி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை.

அரங்கில் அப்பொழுது ஒரு பிரெஞ்சு ஓபரா நடந்துகொண்டிருந்தது. ஓர் ஓடக்காரி, ஒரு சுங்க அதிகாரி, ஓர் ஆறு, இவ்வளவுதான் கதை. ஆயினும் அதன் பாட்டுகளைத் தெருவில் ரொட்டி விற்பவன்கூடச் சீழ்க்கையடிப்பான். அவற்றுள்ளும் இரண்டாம் அங்கத்தில் ஓடக்காரி பாடும் பாட்டென்றால் சனங்களுக்கு உயிர். அதற்கு மூன்று சரணங்கள். முதற்சரணம் ஆற்றைப் பற்றியது. இரண்டாவதில் அவள் கயிறு கேட்பாள். உடனே கரையிலிருந்து ஒருவன் கயிற்றை எறிவான். மூன்றாவதில் விளக்கை அணைக்கச் சொல்வாள், விளக்கு அணையும், இருளில் ஓடம் நகரும். மூன்றுக்கும் மெட்டு ஒன்றே.

ஞாயிற்றுக்கிழமை நடந்த மூன்றாம் ஆட்டத்தில், ஓடக்காரியாக நடித்தவர் இரண்டாம் சரணத்தின் இடத்தில் மூன்றாம் சரணத்தைப் பாடிவிட்டார். விளக்குக்காரர் சொன்ன சொல் தட்டாதவர். பாட்டு அணைக்கச் சொல்லிற்று, அவரும் அணைத்துவிட்டார். கயிற்றுக்காரரோ சரணங்களை விரல்விட்டு எண்ணுபவர். இரண்டாவது முடிந்ததும் கும்மிருட்டில் கயிற்றை வீசினார். அது நேராக ஓடக்காரியின் தலையில் மாலையாக விழுந்தது. எண்ணூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர்.

அந்தப் பாடகிக்கு அரங்கில் மகாராணி என்று பெயர். அவர் இல்லாதபொழுது மட்டுமே அப்பெயர் வழங்கும்.

"மகாராணி ஒரே பிடியா நிக்கறாங்க" என்றார் நிர்வாகி. "'பொந்துல இருக்கறவ தப்பா எடுத்துக் குடுத்தா, நான் பாடிட்டேன், ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'ங்கறாங்க."

மேடையின் முன்விளிம்பில், பார்வையாளர் கண்ணுக்குப் படாமல், கழுத்தளவு பள்ளமாக ஒரு சிறு கூடு உண்டு. அதனையே பொந்து என்பர். அதனுள் ஒருத்தி இசைநூலை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியின் முதற்சொல்லையும் பாடகர்க்கு அரைநொடி முன்னதாக அடியெடுத்துக் கொடுப்பாள். அவள் இல்லாவிடின் பாதிப் பாடகர் வாய்க்குப் பூட்டு விழும். ஒன்பது ஆண்டுகளாக அப்பொந்தில் இருப்பவள் கத்தரியின் மருமகள்.

"மூணு ஆட்டத்தையும் பதிவு பண்ணி வச்சிருக்கோம். மைக் பொந்துக்குப் பக்கத்துலயே இருக்கு, அவங்க முணுமுணுப்பும் விழுந்திருக்கும். நீங்க மூணையும் ஒத்துப் பாத்து, யாரு மேல தப்புன்னு வியாழக்கிழமை மூணு மணிக்குச் சொல்லணும்."

"என் மருமக விஷயத்தை என்கிட்டயே குடுக்கறீங்களே?"

"அதனாலதான் குடுக்கறேன். கத்தரிக்குத் தன் பிள்ளையும் ஒண்ணு, ஊரான் பிள்ளையும் ஒண்ணுன்னு மகாராணியே சொன்னாங்க. நீங்க 'தப்பு அவ மேல'ன்னா அதுக்கு மேல பேச்சில்ல. அன்னிக்கே வேற ஆளைப் போட்டுடுவேன்."

கத்தரி தலையசைத்தார். அவர் நெஞ்சில் அப்பொழுதே ஒரு முள் தைத்திருந்ததை நிர்வாகியிடம் சொல்லவில்லை. போன வாரம் மகாராணி ஒத்திகையில் எல்லோர் முன்னிலையிலும், "பொந்துல எலிதான் இருக்கும்னு நினைச்சேன், இப்ப அது பேசவும் செய்யுது" என்று சொல்லியிருந்தார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மருமகள், "இருக்கட்டும். ஒருநாள் அந்தம்மாவை நட்டாத்துல விட்டுட்டு வேடிக்கை பாக்கறேன்" என்றாள். அவர் மகன் சிரித்தான். கத்தரி சிரிக்கவில்லை, பேச்சைப் பொறுக்கி மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் மருமகள் அவருக்குக் காப்பி கொடுத்தபொழுது, கை நடுங்குகிறதா என்று பார்த்தார். நடுங்கவில்லை. நடுங்காததும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

"மாமா, என்னை விசாரிக்கப் போறீங்களாமே?"

"உன்னை இல்ல. பதிவை."

"பதிவு பொய் சொல்லாதா?"

"பதிவைவிடப் பெரிய பொய்யன் உலகத்துல இல்ல. நானே எத்தனை பொய் செஞ்சிருக்கேன்! சரி, நேராவே கேக்கறேன். நீ என்ன அடி எடுத்துக் குடுத்தே?"

"கயிறு சரணம்தான். அந்தம்மா ஒத்திகையிலிருந்தே அந்த இடத்துல தடுமாறுவாங்க. அதனால அங்க மட்டும் கொஞ்சம் அழுத்தியே குடுப்பேன்."

"போன வாரம் நட்டாத்துல விடறேன்னியே?"

"அதையும் முடிஞ்சு வச்சிருக்கீங்களா? நல்லது" என்று சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். மகன் கண் மருத்துவமனையில் வேலை பார்ப்பவன். இவர்கள் இருவருக்கும் இடையே வாய் திறந்தால் மத்தளம்போல இருபக்கமும் அடிபட நேரும் என்று கண்டறிந்தவன். அவன் செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

அரங்கின் இசை நூலகம் முதல் மாடியில் ஒடுக்கமான அறை. ஒருபுறம் இசைநூல்கள், மறுபுறம் இசைத்தட்டுகள், சன்னலருகே ஒரு மேசை, அதன்மேல் இசைத்தட்டுச் சுழலியும் பதிவைக் கேட்கும் பெட்டியும். கத்தரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முதல் ஆட்டத்தின் பதிவைக் கேட்டார். இரண்டாம் சரணத்துக்கு அரைநொடி முன்னால் மருமகளின் முணுமுணுப்புத் தெளிவாகக் கேட்டது. அதன்மேல் மகாராணியின் குரல் ஏறிற்று. இரண்டாம் ஆட்டத்திலும் அவ்வாறே. அவருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. ஆயினும் ஒலி தெரியும். கயிற்றுச் சரணம் பகரத்தில் தொடங்குகிறது, விளக்குச் சரணம் லகரத்தில் தொடங்குகிறது என்று தாளில் குறித்துக்கொண்டார்.

பின்னர் மூன்றாம் ஆட்டத்தை வைத்தார்.

முணுமுணுப்பு கேட்க வேண்டிய இடத்தில் 'தடார்' என்று ஓர் ஓசை. துடுப்புகளை ஏந்திய குழுப்பாடகர் பன்னிருவரும் அவற்றைப் பலகையில் ஊன்றும் ஓசை அது. முன்னிரண்டு ஆட்டங்களில் அது மெத்தென்று இருந்தது. மூன்றாம் ஆட்டத்தில் காதைப் பிளந்தது. அதன் பின்னர் மகாராணி லகரத்தில் தொடங்கி விளக்குச் சரணத்தைப் பாடினார். இரண்டாம் அடிக்குமுன் முணுமுணுப்பு கேட்டது. கத்தரி காதைத் தீட்டிக்கொண்டார். சந்தேகமே இல்லை: மருமகள் எடுத்துக் கொடுத்தது விளக்குச் சரணத்தின் இரண்டாம் அடி. மூன்றாம் அடியும் அதுவே. நான்காம் அடியும் அதுவே.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாளே என்று எண்ணியபொழுது, தாம் எண்ணியதே சரியாயிற்று என்ற நிறைவு ஒரு கணமும், வீட்டில் ஒருத்தியை இழக்கப் போகிறோம் என்ற கலக்கம் அதற்கடுத்த கணமும் அவருக்கு உண்டாயின.

மருமகள் மதிய இடைவேளையில் மாடியேறி வந்தாள். அவர் ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டினார். அவள் கேட்டாள்.

"ஆமா, நான்தான்" என்றாள். "அந்தம்மா தப்பான சரணத்துல காலை வச்சுட்டாங்க. வச்ச பிறகு நான் என்ன செய்யணும்? கயிறு கயிறுன்னு கத்தினா நடுமேடையில வாயடைச்சு நிப்பாங்க. பாடறவங்க எந்த வழியில போறாங்களோ, அந்த வழியில ஓடி முன்னால போய் நிக்கணும். அதுதான் பொந்துக்குச் சட்டம். முதல்ல அவங்க போனாங்க, நான் பின்னால ஓடினேன்."

"முதல் சொல்லு?"

"கயிறுதான் குடுத்தேன். துடுப்புச் சத்தத்துல அமுங்கிப்போச்சு. துடுப்பு அடி பிளக்குதுன்னு ஞாயித்துக்கிழமைதான் இரும்புப் பூண் போட்டாங்க, தச்சரைக் கேட்டுப் பாருங்க."

"அப்படின்னு நீ சொல்றே."

"நான்தானே சொல்ல முடியும்? வேற யாரு பொந்துல இருந்தது, எலியா?"

கத்தரி தச்சரைக் கேட்டார். பூண் உண்மைதான். ஆயினும் பூண் இருந்ததனால் அவள் குற்றமற்றவள் ஆகிவிடுவாளா? ஓசையில் அமுங்கிப் போகுமென்று தெரிந்தே அவள் அன்று கைவரிசையைக் காட்டியிருக்கலாமே! 'தடார்' ஓசைக்கு அடியில் இருந்தது கயிறா, விளக்கா என்று அப்பெட்டியால் பிரித்துக் காட்ட முடியவில்லை. பதினெட்டு முறை கேட்டார். பதினெட்டாம் முறை கயிறுபோலவும் இருந்தது, விளக்குபோலவும் இருந்தது.

அன்று மாலை புறப்படுமுன் மருமகள் ஒன்று சொன்னாள்:

"மாமா, அந்தம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. புத்தகத்தைப் பாத்தும் படிக்கல. ஏதோ ஒரு தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் மனப்பாடம் பண்ணியிருக்காங்க. விளக்குச் சரணத்துல கடைசி அடிக்கு முந்தின அடியில, ஒரு நீளச் சொல்லு வரும். அதுக்கு நடுவுல மூச்சு வாங்கறாங்க பாருங்க. அந்த இடத்துல பிரெஞ்சுக்காரன் செத்தாலும் மூச்சு வாங்க மாட்டான். எந்தத் தட்டுல அந்த மூச்சு இருக்குன்னு தேடுங்க."

புதன்கிழமை அவர் தேடத் தொடங்கினார். அவள் சொன்னது மெய்யே: மூன்று ஆட்டங்களிலும் மகாராணி அச்சொல்லைப் பாதியில் நிறுத்தி, கடுகளவு மௌனம் விட்டு, மீதியைப் பாடினார். போன வாரப் பத்திரிகையில் ஒருவர் அம்மௌனத்தைத் தனியே பாராட்டியும் இருந்தார்.

நூலகத்தில் அந்த ஓபராவின் இசைத்தட்டுத் தொகுதிகள் ஏழு இருந்தன. முதற்பாடகி பட்டு விரிப்பதுபோலப் பாடினாள். இரண்டாமவள் சண்டைக்குப் போவதுபோல. மூன்றாம் தொகுதியில் வாத்தியக்காரர்கள் இரயிலுக்கு நேரமாகிவிட்டவர்கள்போல ஓடினர். நான்காமவளுக்குக் குரல் பெரிது, தாளம் சிறிது. ஐந்தாவதில் எவரோ இருமினார். ஆறாவதில் அனைவரும் நன்றாகப் பாடினர், ஒருவரும் நினைவில் நிற்கவில்லை. ஆறிலும் சரண வரிசை ஆறு, கயிறு, விளக்கு என்றே இருந்தது. ஆறிலும் அந்நீளச் சொல் அறுபடாமல் ஓடிற்று. கத்தரி ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதினார்.

ஏழாவதை அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையே அவருக்குத் தோன்றவில்லை. அஃது அவர் இருபத்தெட்டாம் வயதில் தாமே வெட்டி ஒட்டியது. 'ஒலித்தொகுப்பு' என்று அவர் பெயர் முதன்முதலில் அட்டையில் அச்சானது. அவரை அத்துறையில் பெரிய மனிதராக்கியது அதுவே. சமைத்தவனுக்கு அந்தச் சாப்பாட்டில் பசி எடுக்காது என்பதுபோல, வேலை முடிந்த தட்டைத் திரும்பக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஊரையெல்லாம் சந்தேகிப்பவர்க்கும் சந்தேகம் நுழையாத வீடு ஒன்று உண்டன்றோ!

ஆகவே வெள்ளைத்தாளை எடுத்து அறிக்கை எழுதலானார். 'கிடைத்துள்ள சான்றுகளின்படி, மூன்றாம் ஆட்டத்தில் தவறான சரணத்தின் அடிகளை எடுத்துக் கொடுத்தது' என்பது வரையில் வந்தபொழுது, வாசலில் மருமகள் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"கேட்டாச்சா, மாமா?"

"கேட்டாச்சு. அந்த மூச்சு எதுலயும் இல்ல."

"எத்தனை கேட்டீங்க?"

"ஆறு."

"ஏழு இருக்கே."

"ஏழாவது நான் பண்ணினது."

"தெரியும்" என்றாள் அவள். அவருக்குச் சுருக்கென்றது. இவள் ஏன் அதனைக் கேட்கச் சொல்கிறாள்? அதில் எதையாவது செய்து வைத்திருக்கிறாளோ? இசைத்தட்டில் எவராலும் எதையும் செய்து வைக்க முடியாது என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் அறிந்தவர், அந்த ஒரு கணம் அதனையும் மறந்தார். அவளுடைய வாயை அடைப்பதற்காகவே அட்டையிலிருந்து தட்டை உருவி, முள்ளை வைத்தார்.

ஆற்றைப் பற்றிய சரணம் வந்தது. அழகான குரல், அப்பாடகி மறைந்தே பல்லாண்டுகள் ஆகின்றன. சரணம் முடிந்தது. அடுத்து அவள் லகரத்தில் தொடங்கினாள்.

கத்தரி தம் குறிப்பைப் பார்த்தார். மீண்டும் முள்ளைத் தூக்கி வைத்தார். மீண்டும் லகரம். ஆறு, விளக்கு, கயிறு. விளக்குச் சரணத்தின் கடைசிக்கு முந்திய அடியில், நீளச் சொல்லின் நடுவே, கடுகளவு மௌனம்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அறை, மூடியிருந்த பெட்டி திறந்தாற்போல அவர் நினைவில் திறந்தது. சரணங்கள் தனித்தனியே, வெவ்வேறு நாள்களில் பதிவாகியிருந்தன. துண்டு நாடாக்கள் சுவரில் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. மெட்டோ ஒன்று, மொழியோ தெரியாது, எந்தத் துண்டு எந்த ஆணியில் இருந்ததோ அதுவே வரிசை என்று எடுத்து ஒட்டினார். விளக்குச் சரணத்தில் ஒரு சொல்லின் முற்பாதியை ஒரு நாளிலிருந்தும் பிற்பாதியை மறுநாளிலிருந்தும் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டும் சேருமிடத்தில் 'டிக்' என்ற ஓசை போகவில்லை. போகாததால், இரண்டு விரல் அகலத்துக்கு வெற்று நாடாவை இடையில் வைத்து ஒட்டினார்.

"அட்டைக்குள்ள ஒரு கட்டுரை இருக்கும், பாருங்க" என்றாள் மருமகள். "எல்லாப் பதிவையும் ஒப்பிட்டு ஒரு விமரிசகர் எழுதினது, பிரெஞ்சுல இருக்கு. 'விளக்கை அணைத்த பின்னர்க் கயிற்றைத் தேடும் துணிச்சல் இந்தப் பதிவுக்கு மட்டுமே உண்டு'ன்னு எழுதியிருக்கார். அந்த மூச்சுல ஓர் ஆறே உறங்குதாம்."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா? தான் தப்பிக்கறதுக்கு மாமனார் மேலயே பழி போடறாள்னு நினைச்சிருப்பீங்க."

நினைத்திருப்பார். அவள் மேசையில் கிடந்த வெள்ளைத்தாளைப் பார்த்தும் பாராதவள்போலப் படியிறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நிர்வாகியின் அறையில் நால்வர் இருந்தனர். நிர்வாகி மேசைக்குப் பின்னால்; மகாராணி சாய்வு நாற்காலியில், தோளில் சால்வையோடு; மருமகள் கதவருகே நின்றபடி; கத்தரி, நூலகத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த சுழலியின் அருகே. உள்ளே வருமுன் அவர்க்கு ஓர் எண்ணம் வராமல் இல்லை: 'ஓசையில் அமுங்கிவிட்டது, யார் மேலும் தவறென்று துணிய முடியவில்லை' என்று சொல்லிவிடலாம். பாம்பும் சாகாது, கோலும் முறியாது. ஆனால் மகாராணி அதனை ஏற்க மாட்டார். துணிய முடியாத இடத்தில் விலகுபவள் பொந்தில் இருப்பவளாகத்தான் இருப்பாள்.

"தப்பு என்னோடது" என்றார் கத்தரி.

நடந்தவற்றை வரிசையாகச் சொன்னார்; சொல்லி முடித்ததும், மகாராணி மெல்லக் கைதட்டினார்.

"பிரமாதம், ஐயா. உங்களை நம்பி ஒப்புக்கிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். மருமகளைக் காப்பாத்தறதுக்கு முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின பழியைத் தேடிப் பிடிச்சுத் தலையில போட்டுக்கறீங்க. எந்த மாமனாருக்கு வரும் இந்த மனசு!"

"நான் சொல்றது பொய்யா?"

"கத்தரி ஒட்டினா ஒட்டு தெரியாதுன்னு ஊரே சொல்லுது. அப்படிப்பட்டவர் சரணத்தையே மாத்தி ஒட்டினாராம், நான் நம்பணுமாம்! நான் எந்தத் தட்டைக் கேட்டுப் படிச்சேன்னு இவருக்கு எப்படித் தெரியும்? எனக்குப் புத்தகம் படிக்கத் தெரியாதா?"

அவர் பேச்சில் சினம் இருந்தது. அதன் ஓரத்தில் அச்சமும் இருந்தது. கத்தரியின் செவிக்கு அது தப்பவில்லை.

"அம்மா, ஒரே ஒரு உதவி. விளக்குச் சரணத்தை இங்கயே, மெதுவா, ஒரு தடவை பாடுங்க."

"எதுக்கு?"

"நான் பொய் சொல்றேன்னா அதுலயே தெரிஞ்சிடும்."

பாடச் சொன்னால் மறுக்க அறியாத பிறவி மகாராணி. சால்வையை விலக்கிவிட்டுப் பாடினார். அறை சிறிது, குரல் பெரிது, நிர்வாகியின் தண்ணீர்க் குவளை அதிர்ந்தது. நீளச் சொல் வந்தது, பாதியில் நின்றது, கடுகளவு மௌனம், பின்பு மீதி. கத்தரி உடனே முள்ளை வைத்தார். மறைந்துபோன பாடகியின் குரலும் அதே சொல்லின் அதே பாதியில் நின்று, அவ்வளவே இடைவெளி விட்டுத் தொடர்ந்தது.

"அவங்களும் மூச்சு வாங்கறாங்க, நானும் வாங்கறேன்" என்றார் மகாராணி. "ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல மூச்சு முட்டக் கூடாதா?"

"அவங்க மூச்சு வாங்கவே இல்லம்மா. இந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுக் கேளுங்க. ஒருத்தர் பாடிட்டு நிறுத்தினா, குரல் நின்னாலும் மண்டபம் நிக்காது. சுவத்துல பட்ட நாதம் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும், நாற்காலி முனகும், யாராவது மூக்கை உறிஞ்சுவாங்க. இந்த இடத்துல கேளுங்க. குரலோட மண்டபமும் செத்துடுது. மனுஷன் விட்ட மௌனத்துல மண்டபம் இருக்கும். இது நான் வச்ச வெத்து நாடா."

மகாராணி கேட்டார். ஒரு முறை; இரண்டு முறை; மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றியபொழுது முகத்தில் அரசு இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி இருந்தாள்.

"எங்க வீட்டுல ஒரே ஒரு தட்டுதான் இருந்தது" என்றார். "இதுதான். புத்தகம் வாங்க வழியில்ல, சொல்லிக் குடுக்க ஆளில்ல. தனிக்கச்சேரியில இந்தப் பாட்டை எத்தனை வருஷம் இதே வரிசையில பாடியிருக்கேன், ஒருத்தரும் கேக்கல. இங்க வந்தப்பறம்தான் புத்தகத்துல வேற வரிசைன்னு தெரிஞ்சது. மாத்திப் படிச்சேன். வாய்க்கு வந்தாலும் நெஞ்சுக்கு வரல. ரெண்டு நாளும் இவ குடுத்த சொல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டினேன். அன்னிக்குச் சத்தத்துல சொல்லு கேக்கல. கேக்கலைன்னு சொல்ல எனக்கு…" என்று நிறுத்திக்கொண்டார்.

பின்பு கதவுப் பக்கம் திரும்பினார். "நீ தப்பா குடுக்கல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்மா" என்றாள் மருமகள். குரலில் ஏற்றமும் இல்லை, இரக்கமும் இல்லை.

நிர்வாகி பெருமூச்செறிந்தார். "அப்ப சரி. பொந்துல இவங்களே இருக்கட்டும். துடுப்புப் பூணை இன்னிக்கே கழட்டச் சொல்றேன். வெளியில துடுப்பு மேல பழி போட்டுக்கலாம். அது வந்து கேக்காது." இவ்வளவோடு முடிந்ததே என்று மகிழ்ந்தவராய் எழுந்து போனார்.

மகாராணி எழவில்லை. சுழலியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தத் தொகுதியில மொத்தம் எத்தனை இடத்துல வெட்டினீங்க?"

"கணக்கு வச்சுக்கல. நூறுக்கு மேல இருக்கும்."

"நூறா?" அவர் தம் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எத்தனை இடத்துல நான் நிக்கறேன், எத்தனை இடத்துல இழுக்கறேன், எத்தனை இடத்துல குரலைச் சன்னமாக்கறேன்… எல்லாமே இதுலேருந்து வந்ததுதான். எது அவங்க பாடினது, எது உங்க கத்தி? முதல்லேருந்து போடுங்க. ஒவ்வொண்ணா காட்டுங்க."

கத்தரி துணைக்கு மருமகளைப் பார்த்தார். "நீயும் இரேம்மா. பாஷை உனக்குத்தானே தெரியும்."

"ஆறு மணிக்கு ஆட்டம் இருக்கு, மாமா. அதுக்குள்ள நான் புத்தகத்தைச் சரிபாக்கணும்" என்றாள் அவள். கதவைத் திறந்தவள், திரும்பிப் பார்க்காமலே, "அந்த அறிக்கையை முடிச்சீங்களா, கிழிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"கிழிச்சுட்டேன்."

"பாக்காம நம்பறது கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கத்தரி தட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் போட்டு முள்ளை வைத்தார். வாத்தியங்கள் ஓய்ந்ததும் அந்த மறைந்த குரல் எழுந்தது. நான்காம் அடியில் மகாராணி சடக்கென்று கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. இது மூச்சா, கத்தியா?"

கத்தரி கண்ணை மூடிக் கேட்டார். மண்டபம் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. அவருக்கே தெரியவில்லை. முள்ளைத் தூக்கி, மீண்டும் முதலிலிருந்து வைத்தார்.